தோலில் பூசும் மருந்து: எது மேலே நிற்கும், எது உள்ளே போகும்?

ஐப்பசி மழை விழுந்து கல்வராயன் மலையடிவாரம் பச்சை கட்டும் நாட்களில், மாடுகளின் காது மடலிலும் தாடையின் கீழும் மடியை ஒட்டிய தொடையிடுக்கிலும் உண்ணிகள் கொத்துக் கொத்தாக ஏறிவிடுகின்றன. கச்சிராயபாளையம், சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துச் சிறு விவசாயியின் வீட்டில் அந்தச் சமயம் மக்காச்சோளத்துக்கோ பருத்திக்கோ வாங்கிய பூச்சிமருந்து அடிப்பாட்டிலில் கொஞ்சம் மீந்திருக்கும். பயிரில் பூச்சியைக் கொல்வது மாட்டில் உண்ணியைக் கொல்லாதா என்ற எண்ணத்தில், அதில் ஒரு மூடி எடுத்து வேப்பெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கலந்து மாட்டின் உடம்பெல்லாம் தேய்த்து விடுகிறவர்கள் உண்டு. உண்ணி உதிரும். அதே நாள் பொழுது சாய்வதற்குள் மாட்டின் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடியும், தொடைச் சதை துடிக்கும், நிற்க முடியாமல் கால் பின்னும். மாடு எதையும் தின்னவில்லையே, விஷம் எப்படி ஏறியது என்று வீட்டார் திகைப்பார்கள்.

விஷம் தோல் வழியே ஏறியது. எண்ணெயில் கலந்து தேய்த்ததால் இன்னும் சுலபமாக ஏறியது. தோலில் பூசும் மருந்துகளைப் பற்றி விவசாயி தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியச் செய்தி இதில்தான் இருக்கிறது. மருந்து எது என்பது மட்டும் போதாது. அதை எதில் குழைத்தோம், உடம்பில் எந்த இடத்தில் தடவினோம், எவ்வளவு நேரம் இருந்தது என்பவையும் பலனைத் தீர்மானிக்கின்றன.

தோல் என்னும் சுவர்

தோலின் மேற்புறம் செத்த உயிரணுக்களால் ஆன ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. மனித உடம்பில் உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்த மற்ற இடங்களில் அதன் கனம் சாதாரணக் காகிதத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் மழையில் நாள் முழுதும் நாற்று நட்டாலும் தண்ணீர் உடம்புக்குள் ஊறிவிடாமல் தடுப்பது இந்த அடுக்குத்தான். செங்கல் சுவரைப் போல அணுக்கள் அடுக்கியிருக்க, அவற்றின் நடுவே சாந்து பூசியதுபோல் கொழுப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. தண்ணீரில் கரையும் பொருளுக்கு அந்தச் சாந்து வழிவிடாது. எண்ணெயில் கரையும் பொருள், அதுவும் அணுத்திரள் சிறியதாக இருந்தால், சாந்தில் கரைந்து மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிடும். அடுத்த அடுக்கில் ரத்தக் குழாய் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் பிறகு ஊசி போட்டதற்கும் தடவியதற்கும் பெரிய பேதமில்லை.

பயிருக்கு அடிக்கும் 'ஈ.சி.' மருந்துகளைக் கவனித்தால் இது நன்றாக விளங்கும். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கிறதே, அது ஏன்? தண்ணீரில் கரையாத நஞ்சை ஓர் எண்ணெய்க் கரைப்பானில் கரைத்து, தண்ணீரோடு கலக்க வேறொரு பொருளும் சேர்த்திருக்கிறார்கள். பூச்சியின் உடம்புமேல் உள்ள மெழுகுப் பூச்சைக் கடந்து உள்ளே போக இது வசதியாகிறது. பூச்சியின் மெழுகைக் கடக்கிற சரக்கு, மாட்டின் தோலிலும் மனிதனின் தோலிலும் உள்ள கொழுப்பைக் கடக்காது என்று எதிர்பார்ப்பது தவறு. அந்தப் பாட்டில் மருந்தோடு எண்ணெயும் சேர்த்துத் தேய்ப்பது, திறந்த கதவுக்கு முட்டுக் கொடுத்து வைப்பதற்குச் சமம்.

அளவுக் கணக்கும் பார்க்கலாம். மாட்டுக்கென்றே விற்கும் புளூமெத்ரின் என்ற உண்ணி மருந்து 1 சதவீதக் கரைசல். 10 கிலோ எடைக்கு 1 மி.லி. என்பது அதன் அளவு. 300 கிலோ பசுவுக்கு 30 மி.லி. ஊற்றினால் அதில் உள்ள மருந்துச் சத்து 300 மில்லிகிராம். பயிருக்கு விற்கும் 50 சதவீத ஈ.சி. மருந்தை அதே 30 மி.லி. தேய்த்தால் மாட்டின் மேல் ஏறும் நஞ்சு சுமார் 15 கிராம், அதாவது 50 மடங்கு. அதுவும் வேறு இனத்து நஞ்சு. குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ், குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்கும் அதே முறையில்தான் மாட்டின் நரம்பையும் மனிதனின் நரம்பையும் தாக்குகின்றன. கன்றுக்கு இன்னும் ஆபத்து. எடைக்குத் தக்கபடி பார்த்தால், பெரிய உடம்பைவிடச் சிறிய உடம்புக்குத் தோலின் பரப்பு அதிகம். பெண் குழந்தைகளின் தலைப்பேனுக்கு வயல் மருந்தைத் தேய்க்கும் கொடுமையும் இதே காரணத்தால்தான் உயிர்ச்சேதத்தில் முடிகிறது.

உலகம் இதைக் கற்றுக்கொண்ட விதம்

பூசும் மருந்து நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து 32 வகை என்றால் வெளியே உபயோகிக்கும் புற மருந்தும் 32 வகை. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து மலையாளி மக்களிடமும் பச்சிலையை அரைத்துப் பற்றுப் போடுவது பழகிய வைத்தியம்.

மேல்நாட்டார் தோலின் வழியை உணர்ந்ததற்கு ஒரு காரணம் வெடிமருந்து என்றால் ஆச்சரியமாக இருக்கும். பாறை தகர்க்கும் டைனமைட்டில் சேரும் நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய்ப் பொருளைக் கையாண்ட தொழிலாளிகளுக்குத் திங்கட்கிழமை தோறும் மண்டை பிளக்கும் தலைவலி வந்தது. வாரத்தின் நடுவில் உடம்பு அதற்குப் பழகிவிடும், ஞாயிறு ஓய்வில் பழக்கம் விட்டுப்போகும், திங்களன்று மீண்டும் வலி. கைத்தோல் வழியேயும் மூச்சு வழியேயும் உள்ளே போன அந்தப் பொருள் ரத்தக் குழாய்களை விரித்ததுதான் காரணம். அதே குணத்தை நெஞ்சுவலிக்கு மருந்தாக்கி, பிற்பாடு மார்பில் ஒட்டும் பட்டையாகவும் செய்தார்கள். கப்பல் பயணத்தில் வரும் வாந்திக்குக் காதின் பின்னால் ஒட்டும் பட்டை அமெரிக்காவில் 1979-இல் அனுமதி பெற்றது. நெஞ்சுவலிப் பட்டை 1981-இல் வந்தது. புகையிலை விவசாயிகளுக்கு வேறொரு அனுபவம். பனியில் நனைந்த பச்சைப் புகையிலையை ஒடிக்கும்போது இலையிலுள்ள நிக்கோட்டின் அந்த ஈரத்தில் கரைந்து கைத்தோல் வழியே ஏறி, தலைச்சுற்றலும் வாந்தியும் உண்டாக்குகிறது. ஒரு பீடி பிடிக்காதவருக்கும் இது வரும். பழகாத உடம்பு என்பதால் அவருக்குத்தான் அதிகமாக வரும்.

இடத்துக்கு இடம் வித்தியாசம்

உடம்பு முழுவதும் ஒரே தோல் என்று நினைப்பது தவறு. 1971-இல் அமெரிக்காவில், தாமாக முன்வந்த மனிதர்களின் தோலில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை மிகச் சிறிய அளவில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் தடவியதில் நூற்றுக்கு 9 பங்கு உள்ளே போயிற்று. நெற்றியில் 36 பங்கு. அக்குளில் 64 பங்கு. விதைப்பையின் தோலில் தடவியது அத்தனையும் உள்ளே போய்விட்டது. இன்று அப்படி ஒரு பரிசோதனைக்கு எந்த நாடும் எளிதில் சம்மதிக்காது. ஆனால் கிடைத்த கணக்கு, மருந்து தெளிக்கும் ஒவ்வொரு விவசாயியும் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு.

முதுகில் மாட்டும் விசைத்தெளிப்பான் கசியும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். மருந்துத் தண்ணீர் முதுகு வழியே இறங்கி, பனியனை நனைத்து, இடுப்புத் துணிக்குள் ஊறி, கடைசியில் எந்தத் தோல் அனைத்தையும் உறிஞ்சுமோ அந்த இடத்தில் போய்த் தங்குகிறது. ஈரத் துணி ஒட்டிக்கொண்டிருப்பதால் மருந்து காற்றில் உலர்வதில்லை. வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் தோல் ஊறி இன்னும் அதிகமாக உள்ளே விடுகிறது. கையைத்தான் சோப்புப் போட்டுக் கழுவுகிறேனே என்று சொல்பவர், நனைந்த வேட்டியோடு மாலை வரை வரப்பில் நடந்தால் என்ன பயன்? 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்துபோனது நாடறிந்த செய்தி. அவர்கள் மருந்தைக் குடித்தவர்கள் அல்லர்.

டாங்க் வாயின் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் அதை மாற்றிவிட்டுத் தெளிக்கத் தொடங்க வேண்டும். அதன் விலை மிகச் சொற்பம். முதுகுக்கும் டாங்குக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொள்வதும் நல்லதே. மருந்து பட்ட துணியை அப்போதே கழற்றிவிட வேண்டும். மருந்து கலக்கும்போதுதான் பாட்டிலில் உள்ள கெட்டி மருந்தைத் தொடுகிறோம் என்பதால், கையுறை தெளிக்கும் நேரத்தைவிடக் கலக்கும் நேரத்தில் அதிகம் தேவை. துணிக் கையுறை கூடாது, அது மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கையோடு சேர்த்துக் கட்டியதுபோல் ஆகிவிடும்.

உண்ணிக்கு முறையான வைத்தியம்

மாட்டுக்கென்று தயாரித்த பூச்சு மருந்துகள் வேறு விதமாக வேலை செய்கின்றன. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், புளூமெத்ரின் ஆகியவை ஒரே குடும்பம். இவை தோலின் எண்ணெய்ப் பசையிலும் மயிரிலும் பரவி, பெரும்பாலும் மேலேயே தங்கி, கடிக்க வரும் உண்ணியைக் கொல்கின்றன. சிறிதளவு உள்ளே போனாலும் மாட்டின் உடம்பு அதை விரைவில் சிதைத்துவிடும். உண்ணியால் அது முடியாது. அமிட்ராஸ் வேறு குடும்பம். 12.5 சதவீத அமிட்ராஸை லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. வீதம் கலந்து தெளிப்பது வழக்கம். புளூமெத்ரினைத் தண்ணீர் கலக்காமல், திமிலிலிருந்து வால் அடி வரை முதுகெலும்பை ஒட்டி ஒரே கோடாக ஊற்ற வேண்டும். எந்த மருந்தானாலும் பாட்டிலின் மேல் 'கால்நடைகளுக்கு' என்று இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஏனெனில் இதே பெயர்களில் பயிர் மருந்தும் கடையில் உண்டு. சத்தின் அளவும் கரைப்பானும் வேறு.

மருந்து தடவிய மாடு தன்னை நக்கும். பக்கத்து மாட்டையும் நக்கும். இது சாதாரண விஷயமல்ல என்று பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் காட்டினார்கள். ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்தை மாடுகளின் முதுகில் ஊற்றி, சில மாடுகளை நக்க விட்டும் சிலவற்றை நக்க விடாமல் தடுத்தும் பார்த்தார்கள். நக்க விட்ட மாடுகளில், ஊற்றிய மருந்தில் பாதிக்கு மேல் வாய் வழியே போயிருந்தது. முதுகில் ஊற்றியது தோல் வழியாகத்தான் போகிறது என்று அதுவரை நம்பியது பெருமளவு தவறாயிற்று. நமக்கு இதில் பாடம் என்னவென்றால், மருந்து போட்ட மாட்டை உலரும் வரை தனியே, தலைக் கயிற்றைக் குட்டையாக்கிக் கட்ட வேண்டும். கன்றை ஊட்ட விடுமுன் மடியையும் காம்பையும் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்று லேபிளில் போட்டிருந்தால் அதை மதிக்க வேண்டும்.

காலை வெயில் ஏறிய பின், மாடு தண்ணீர் குடித்த பிறகு தெளிப்பது நல்லது. தாகத்தோடு இருக்கும் மாடு ஈர உடம்பை அதிகம் நக்கும். மழை வரும் அறிகுறி இருந்தால் தள்ளிப் போடலாம். தெளித்த மாட்டை ஓடையில் இறக்கிக் கழுவக் கூடாது. இந்த மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. கல்வராயன் மலையின் ஓடைகள் கோமுகி, மணிமுக்தா அணைகளுக்குப் போய்ச் சேருகின்றன என்பதை மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு முறை தெளித்து உண்ணி உதிர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதால்தான் மாதம் ஒரு பாட்டில் செலவாகிறது. ரத்தம் குடித்துப் புளியங்கொட்டை போல் உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, கொட்டகைச் சுவர் வெடிப்பிலும் சாணிக் குழியின் ஓரத்திலும் 2,000-க்கு மேல் முட்டையிடுகிறது. குஞ்சுகள் மறுபடி மாட்டில் ஏறுகின்றன. மாட்டில் இருக்கும் உண்ணியைப் பார்த்து மலைப்பவர் வெடிப்பில் இருப்பதைக் கண்டால் என்ன சொல்வாரோ! ஆகவே மாட்டுக்கு மருந்து போடும் நாளிலேயே சுவர் வெடிப்பை மண்ணும் சாணியும் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி மாட்டைச் சோதித்து, தேவையானால் டாக்டரைக் கேட்டு மீண்டும் மருந்து போடலாம். கலப்பின மாடுகளுக்கு உண்ணிக் காய்ச்சல்கள் சுலபத்தில் வரும். காய்ச்சலோடு மாட்டின் மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் பூச்சு மருந்தை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட்ட வேண்டும்.

விலைக்கு வாங்காமல் செய்துகொள்ளும் மருந்தும் ஒன்று உண்டு. பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம் பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. இவற்றை அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, துணியில் நனைத்து மாட்டின் உடம்பில் தேய்க்க வேண்டும். கொட்டகை வெடிப்பிலும் தெளிக்கலாம். வெயில் உள்ள நேரத்தில், உண்ணி குறையும் வரை வாரம் ஒரு முறை செய்ய வேண்டும். உண்ணி குறைவாக உள்ள மாட்டுக்கு இது தாராளமாகப் போதும்.

மடிநோய்க்குச் சிவப்புப் பற்று

இந்த மாதிரியான மூலிகை வைத்தியங்களைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் என். புண்ணியமூர்த்தி பல ஆண்டுகள் உழைத்துத் திரட்டி ஒழுங்குபடுத்தினார். தேசியப் பால்வள வாரியம் அவற்றை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோயிற்று. அவற்றில் மிகவும் பரவியது மடிவீக்கத்துக்கான பற்று.

சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையைத் தோலோடு துண்டாக்கி மற்றவற்றைச் சேர்த்து அரைத்தால் ரத்தச் சிவப்பாக விழுது வரும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலத்தான். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மஞ்சளின் சத்து தண்ணீரில் லேசில் கரையாது. சுண்ணாம்பின் காரம் சேர்ந்தால் கரையும், அந்தக் கரைதலைக் காட்டும் நிறந்தான் சிவப்பு. கற்றாழையின் கொழகொழப்பு அதை மடியில் ஒட்ட வைக்கிறது. எண்ணெய் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பைக் கூட்டிப் போட்டால் பலன் கூடாது, மடித்தோல் வெந்துவிடும். மடியின் தோல் மெல்லியது, மயிரும் குறைவு.

உபயோகிக்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பாலை முழுவதும் கறந்து கீழே கொட்டிவிட்டு, மடியைக் கழுவித் துடைக்க வேண்டும். விழுதில் ஒரு கைப்பிடி எடுத்து, 150 முதல் 200 மி.லி. தண்ணீரில் கரைத்து, மடி முழுவதும் தடவ வேண்டும். வீங்கிய காம்பில் மட்டும் தடவினால் போதாது. ஒரு நாளைக்கு 10 தடவை, 5 நாட்கள். ஒவ்வொரு முறையும் முந்தியதைக் கழுவிவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். நாளுக்குப் பத்துத் தடவையா என்று மலைக்க வேண்டாம். மாடு படுத்து எழுந்தால் பற்று உதிர்ந்துவிடும், காய்ந்துவிட்டாலும் வேலை செய்யாது. தோலில் பூசும் மருந்துக்கு அது ஈரமாக ஒட்டியிருக்கும் நேரந்தான் கணக்கு. காலையும் மாலையும் இரண்டு வேளை தடவிவிட்டு, மூலிகையில் பலனில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. விழுதை அன்றன்று புதிதாக அரைக்க வேண்டும். இதோடு தினம் இரு வேளை, வேளைக்கு இரண்டு எலுமிச்சம்பழத்தை அறுத்து 3 நாட்கள் தின்னக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பால் திரிதிரியாக வரத் தொடங்கிய முதல் நாளே பற்றுப் போட்டால்தான் நல்ல குணம் தெரியும். மாட்டுக்குக் காய்ச்சல் அடித்து, தீனி எடுக்காமல், மடி கல்லாக இறுகிவிட்டாலோ, நேர்மாறாகச் சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ, பற்றை நம்பி ஒரு மணி நேரமும் கழிக்கக் கூடாது. அது டாக்டரின் ஊசிக்கு உரிய நிலை.

காம்பில் வெடிப்பு, அம்மைக் கொப்புளம், மரு ஆகியவற்றுக்கு மேற்படி விழுது ஒத்துவராது. அங்கே வெண்ணெயில் குழைத்த மருந்துதான் வேண்டும். பூண்டு 5 பல், மஞ்சள் தூள் 10 கிராம், சீரகம் 15 கிராம், திருநீற்றுப்பச்சை ஒரு கைப்பிடி, வேப்பிலை ஒரு கைப்பிடி அரைத்து 50 கிராம் வெண்ணெயில் கலந்து பூசலாம். வறண்டு வெடித்த தோலில் வெண்ணெய் மேலே மூடிக்கொண்டு ஈரம் போகாமல் காக்கிறது. வீக்கத்துக்குத் தண்ணீர்ப் பற்று, வெடிப்புக்குக் கொழுப்புக் களிம்பு என்று பிரித்து வைத்தது அனுபவத்தின் அறிவு.

புண்ணில் சுவர் இல்லை

இதுவரை சொன்னதெல்லாம் கிழியாத தோலுக்கு. நுகத்தடி தேய்த்த கழுத்துப் புண், கொம்பு ஒடிந்த இடம், கோமாரியில் வெந்த குளம்பிடுக்கு, பெரியம்மை என்று கிராமத்தில் சொல்லும் தோல் கழலை நோயில் உடைந்த கட்டி ஆகிய இடங்களில் மேலே உள்ள சுவரே இல்லை. அங்கே வைத்தது நேராக ரத்தத்தில் சேரும். புண்ணில் புழு வைத்துவிட்டால் வயலுக்கு வாங்கிய குருணை மருந்தைத் தூவுவது, மேலே சொன்ன எண்ணெய்த் தேய்ப்பைவிட மோசமான காரியம். அந்தக் காலத்தில் பி.எச்.சி. தூளை அள்ளித் தூவிய பழக்கம் சில முதியவர்களுக்கு நினைவிருக்கும். பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டுவிட்டது.

புழு உள்ள புண்ணுக்கு முதல் நாள் மட்டும் சூடம் கரைத்த தேங்காயெண்ணெய் விடலாம், அல்லது சீத்தா இலையை அரைத்து வைக்கலாம். புழுக்கள் வெளியே வந்ததும் இடுக்கியால் எடுத்து, புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். இலைக்குப் பதில் சீத்தா விதையை இடித்துப் போடுவது ஆபத்து. அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழி வெந்து புண்ணாகும். தலைப்பேனுக்கு விதைத் தூளைத் தேய்த்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் பலர்.

புழு போன பிறகு ஆறுவதற்கு எண்ணெய் மருந்து நல்லது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து, அரை லிட்டர் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சி ஆற வைக்க வேண்டும். புண்ணைச் சுத்தம் செய்துவிட்டுத் தடவினால் ஈ மொய்ப்பதும் குறையும். கோமாரிக்கும் தோல் கழலைக்கும் இது புண்ணை ஆற்றும் மருந்து மட்டுமே. நோய் வராமல் காப்பது தடுப்பூசிதான்.

விவசாயியின் தோலுக்கும் ஒரு வார்த்தை

சேற்றிலும் வியர்வையிலும் வேலை செய்பவர்களுக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை வருவது சகஜம். மருந்துக் கடையில் கேட்டால் ஒரு டியூபைக் கொடுப்பார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும். அதில் காளானைக் கொல்லும் மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தால், அரிப்பை நிறுத்தியது ஸ்டீராய்டு. அது தோலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடுவதால் படை அடியில் பரவி, விட்டதும் இரு மடங்காகக் கிளம்பும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வரிவரியாக வெடிக்கும். ஸ்டீராய்டு சார்ந்த ஒரு மருந்தை 1967-இல் அளந்தபோது, முன்கையில் போவதைவிட விதைப்பையின் தோலில் 42 மடங்கு உள்ளே போனதாகக் கண்டார்கள். எனவே அந்த இடத்தில் தடவும் களிம்பைச் சாதாரணமாக நினைக்கலாகாது. மத்திய அரசு 2018-இல் இவ்வகைப் பூச்சு ஸ்டீராய்டுகள் 14-ஐ டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காமல், அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்டுவதே சிக்கனம்.

விஷம் ஏறிவிட்டால்

மாட்டின் மேல் தவறான மருந்து பட்டுவிட்டது என்று தெரிந்தால், குறி தெரியும் வரை காத்திருக்கக் கூடாது. கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, ஏராளமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெயோடு தேய்த்திருந்தால் வெறும் தண்ணீரால் போகாது, சோப்பு அவசியம். வாயைப் பிளந்து நல்லெண்ணெயோ மோரோ ஊற்றுவது வேண்டாம். நடுங்கும் மாட்டுக்கு அது நுரையீரலில் புகுந்துவிடும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி கிடைக்கும். மனிதருக்கு 108.

எச்சில் வடிதல், கண்ணில் நீர், ஓயாத கழிச்சல், சதைத் துடிப்பு, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குதல் ஆகியவை ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்தின் குறிகள். இதற்கு அட்ரோபின் ஊசி மாற்று மருந்தாக உண்டு. டெல்டாமெத்ரின் குடும்பத்து மருந்துக்கு அது மாற்று மருந்தாகாது. ஆகவே டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, என்ன மருந்து பூசினீர்கள் என்பதாகத்தான் இருக்கும். பாட்டிலைப் புதரில் வீசியெறிந்துவிட்டு வந்து, சிவப்பு மூடி போட்டது என்று பதில் சொன்னால் அவர் என்ன செய்வார்? காலிப் பாட்டிலானாலும் லேபிளோடு ஒரு பாலிதீன் பையில் முடிந்து, கூடவே எடுத்துப் போக வேண்டும்.